ஐந்தாவது முடித்த பிள்ளையும் நாத்தனாரின் போனும்

2025 ஏப்ரலில் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பாவுக்கு லுங்கித் தறி. அம்மா வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது. காட்பாடியில் இருக்கும் நாத்தனார் தினமும் போன் போடுகிறாராம்: "சிபிஎஸ்இ-ல சேருங்க, பொண்ண டாக்டராக்கலாம். அந்த ஸ்கூல்ல யார் வூட்டுப் புள்ளைங்க படிக்குதுன்னு தெரியாதா?"

"இன்னா சார் பண்றது, ராத்திரி தூக்கமே வரல" என்றார் அம்மா.

பயப்படாதீங்கம்மா என்றுதான் ஆரம்பித்தேன். மகளிர் குழுவில் லோன் கேட்டிருக்கிறோம், பத்தாததுக்குக் கம்மலை அடகு வைக்கப் போகிறோம் என்றதும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

யார் வீட்டுப் பிள்ளைகள்? அதையே முதலில் பேசினோம். அந்தப் பள்ளியில் 41 பேர், ஆசிரியர்கள் இரண்டு பேர். (60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு.) பீடி, தறி, தீப்பெட்டி, கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், பாதிப் பேர் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் ஆள் கிடையாது. நாத்தனாரின் கேள்விக்குள் சாதி இருக்கிறது, அதை நீங்களும் அப்படியே வாங்கிக்கொண்டீர்கள் என்று நேராகவே சொன்னேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

காட்பாடி ரோட்டில் தொங்கும் ரிசல்ட் பேனர்களை வைத்துத்தான் எல்லோரும் பள்ளிகளை ஒப்பிடுகிறார்கள். சேர்க்கும்போதே பிள்ளைக்குத் தேர்வு, பெற்றோருக்கு இன்டர்வியூ, சாயந்திரம் டியூஷன், வீட்டில் படித்த அம்மா. அந்த மார்க்கில் வீட்டின் பங்கு எவ்வளவு, பள்ளியின் பங்கு எவ்வளவு என்று பேனரில் போட மாட்டார்கள். பிள்ளை எங்கே இருந்தாள், இப்போது எங்கே இருக்கிறாள் என்பதுதான் பள்ளியைப் பற்றிச் சொல்லும். இவளுடைய ஒன்றாம் வகுப்பு கொரோனாவில் போனது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தபோது மூன்றாவது. எழுத்தே தெரியாத அரும்புக் குழுவில் உட்காரவைத்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள், வகுப்புக்கேற்றபடி படிக்கிறவர்களின் மலர்க் குழுவுக்கு வந்துவிட்டாள். என் மேஜையிலிருந்த செய்தித்தாளைக் கொடுத்தேன். ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் படித்து, அது எதைப் பற்றி என்றும் சொன்னாள். திணறியிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

சரி, டாக்டர் கனவு. தனியார் பள்ளியில் படிப்பதன் லாபநட்டம் உங்களுக்கே தெரியும், அதை விடுவோம். யாரும் இவர்களுக்குச் சொல்லாதது இது: 2020-இல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. நீட் எழுதத்தான் வேண்டும், ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் அதே ஒதுக்கீடு வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. நிபந்தனை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். டாக்டராக்க வேண்டும் என்று சொல்லி, அந்தக் கதவை ஆறாம் வகுப்பிலேயே அவர்கள் சாத்தப் பார்த்தார்கள். எய்டட், அதாவது அரசு உதவிபெறும் தனியார் பள்ளியும் இந்தக் கணக்கில் வராது. வேலூரில் பேர்பெற்ற எய்டட் பள்ளிகள் நிறைய இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்கிற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு தாளில் மனத்திறன், இன்னொன்றில் பாடம், தாளுக்கு 90 கேள்வி. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மறுபடி மாதம் 1,000. தமிழ் மீடியத்திலேயே தொடர்ந்தால் இன்னொன்றும் உண்டு. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் இருக்கிறது, ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். இவளிடம் ஐந்து வருஷம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. நடுவில் மீடியம் மாறினால் அது போய்விடும்.

அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறது. அதற்காகவே மத்திய அரசு ஒன்றாம் வகுப்பிலிருந்து உதவித்தொகை தருகிறது. ஐந்து முதல் எட்டு வரை ஆண்டுக்கு 1,500 ரூபாய். ஒரு தடவைகூட விண்ணப்பித்ததில்லை. எனக்குக் கோபமே வந்தது.

பணம். பீஸ், வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து முதல் வருஷமே அறுபதாயிரம் என்று அவர்களே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஏழு வருஷத்துக்கு அது ஏறிக்கொண்டே போகும், தறிக் கூலி ஏறாது. எட்டாவதில் கட்ட முடியாமல் பிள்ளையை வெளியே எடுப்பதைவிடக் கொடுமை வேறில்லை. அப்படி வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கம்மலை வைக்காதீர்கள் என்றேன். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பிள்ளையை யாராவது கேட்டார்களா? நான் கேட்டேன். "அந்த ஸ்கூல்ல தமிழ்ல பேசினா ஃபைன் போடுவாங்களாமே" என்றாள். டாக்டர் என்ற பேச்சே எடுக்கவில்லை. அம்மாவின் பீடிக் கணக்கு மொத்தமும் இவளிடம்தான்: எத்தனை ஆயிரம் போட்டது, ஏஜென்ட் எவ்வளவு கழித்தார், பாக்கி எவ்வளவு. நோட்டைக் காட்டினாள், போன மாதம் ஏஜென்ட் இரண்டு இடத்தில் தவறாகக் கழித்ததைச் சிவப்பில் சுழித்திருந்தாள். பத்து வயதுப் பிள்ளையை டாக்டர் என்றோ ஆடிட்டர் என்றோ முத்திரை குத்த வேண்டாம். ஆனால் அந்த நோட்டு என் மனதில் நிற்கிறது.

ஆறாவதுக்கு அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு வேலைநாளில் போய்ப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினேன். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, பதினொன்றில் கணிதம்-உயிரியல் குரூப் உண்டா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா. இலவச பஸ் பாஸுக்கு அங்கேயே எழுதிக் கொடுக்கலாம்.

வாசலில் செருப்பைப் போடும்போது அம்மா திரும்பிக் கேட்டார்: "சாயந்திரம் நாத்தனார் போன் பண்ணுவாங்களே சார், இன்னா சொல்றது?"

என் நம்பரைக் கொடுங்கள் என்றேன்.