பேத்தியின் ஆய்வு, தாத்தாவின் முழங்கால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்து நாட்களுக்கு முன் என் அப்பாவுக்கு (வயது 71) முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வார்டில் இருந்தவரை ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வயிற்றில் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அதற்கே இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

என் மகள் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறாள். அப்பாவைப் பார்க்க வந்த என் மைத்துனர் அவளிடம், "இந்த ஊசியைக் கண்டுபிடித்தானே, அது ஆராய்ச்சி. நீ பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுவதால் யார் கால் குணமாகும்?" என்று கேட்டார். அவள் பேசாமல் இருந்துவிட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

(அப்பா நலம். வீக்கம் வடிந்துவிட்டதென்று மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார்.)

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைப் பதற வைத்தது. இதைப் படித்த உடனே அறுவை சிகிச்சை செய்த மருத்துவரைக் கூப்பிட்டு, மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது என்று சொல்லுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம். அவர் சொல்வதைச் செய்யுங்கள். ரத்தம் உறைந்து நாளத்துக்குள் கட்டியாகும் ஆபத்து வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் இருக்கும். அதனால்தான் முழங்காலுக்குச் சுமார் இரண்டு வாரம், இடுப்பு மூட்டு என்றால் ஐந்து வாரம் வரை மருந்து தருகிறார்கள். காலில் கட்டி இருந்தும் வீக்கமோ வலியோ தெரியாமல் போவதுண்டு. திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் நேரம் அதிகம் கிடைக்காது.

இனி மைத்துனரின் கேள்வி. அந்த ஊசியின் மேல் அவர் வைத்திருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. ரத்தம் தேங்குவது, நாளத்தின் சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறையும் நிலைக்கு வருவது என்று கட்டி உண்டாக மூன்று காரணங்கள் சொல்வார்கள். ஜெர்மானிய மருத்துவர் ஃபிர்க்கோவின் பெயரில் வழங்கும் பாடம் அது. மூட்டு மாற்றும்போது மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. 1975இல் லண்டனிலிருந்து அறுவை சிகிச்சை நிபுணர் வி. வி. கக்கர் நடத்திய பெரிய சோதனையில், பல்வேறு பெரிய அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட 4,121 பேரில் ஒரு பாதிக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் என்ற மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள் மருந்து பெறாதவர்களில் 16 பேர், பெற்றவர்களில் 2 பேர். இதற்கு முன்னால் யாரும் தலைவணங்கத்தான் வேண்டும்.

ஆனால் ஹெப்பரினைத் தேடி யாரும் கிளம்பவில்லை. 1916இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ஆசிரியர் ஹோவெலின் ஆய்வகத்தில், ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். நாயின் கல்லீரலிலிருந்து எடுத்த ஒன்று நேர்மாறாக வேலை செய்தது. அதைப் பூனை ரத்தத்தில் கலந்து ஹோவெலின் மேசையில் வைத்து, உறைந்ததும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதாக மெக்லீனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அது உறையவே இல்லை. உங்கள் அப்பாவுக்குப் போட்ட ஊசி அநேகமாக அந்தக் குடுவையின் வாரிசுதான்.

இப்போது இன்னொருவர். 1842இல் பிராக் நகரில் ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர், ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களின் வண்ணத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அலையை வெளியிடுவது நம்மை நெருங்கினால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும், அதனால்தான் நெருங்கும் விண்மீன் நீலமாகவும் விலகுவது சிவப்பாகவும் தெரிகிறது என்றார். பரிசோதனை ஏதும் இல்லை, எல்லாம் தாளில் போட்ட கணக்கு. மூன்று ஆண்டு கழித்து டச்சு அறிஞர் பைஸ் பாலட், உட்ரெக்ட் அருகே ரயிலில் எக்காளக்காரர்களை ஏற்றி ஊதவைத்துச் சோதித்தார். ஒலியில் விதி அப்படியே பொருந்தியது. விண்மீன்களின் நிறத்துக்கு டாப்ளர் சொன்ன விளக்கமோ தவறு. அந்த வேறுபாடு பெரும்பாலும் வெப்பநிலையால் வருவது. சொல்ல வந்த உதாரணம் பிழை, கண்ட விதி சரி. 1950களில் ஒசாகாவில் ஷிகேயோ சடோமுரா அதே விதியை வைத்து, மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலி) மூலம் இதயத்தின் அசைவையும் ரத்த ஓட்டத்தையும் அளந்தார். இன்று கால் நாளத்தில் கட்டி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கும்பகோணத்தில்கூட 'டாப்ளர் எடுத்துட்டு வாங்க' என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் கதையை மைத்துனரிடம் சொல்லி வாதத்தில் ஜெயித்துவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஜெயித்தால், உங்கள் மகளின் கணக்கும் ஒருநாள் கருவியாக வந்தாக வேண்டும் என்ற கடனை அவள் தலையில் ஏற்றிவிடுவோம். அது வராமலே போகலாம். கோட்பாட்டு இயற்பியலில் பெரும்பாலான தாள்களிலிருந்து எந்த மருத்துவமனைக்கும் எதுவும் வருவதில்லை. இயற்கை எப்படி நடக்கிறது என்று அறிய ஒருத்தி தன் இளமையைக் கொடுக்கிறாள். ஆய்வுக்கு அந்த ஆசை போதும் என்று நான் நம்புகிறேன். அதை அவளிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்று நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

மருத்துவர் டாப்ளர் ஸ்கேன் எழுதினால் அவளையும் கூட்டிப் போங்கள். முதலில் கருவியால் நாளத்தை அழுத்திப் பார்ப்பார்கள். கட்டி இல்லாத நாளம் அமுங்கிவிடும். பிறகு திரையில் வண்ணம் வரும். வழக்கமாக, கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். விண்மீன்களுக்கு டாப்ளர் சொன்னது இதற்கு நேர் எதிர். உங்கள் மகள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள். தாத்தாவுக்கு அவளே விளக்கட்டும்.