"பார்த்துச் செய்யுங்க" என்றால் சம்மதமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் குடியிருக்கிறேன். சேலத்தில் உள்ள அப்பா பெயரில் 2012 மாடல் டீசல் எஸ்யூவி ஒன்று இருக்கிறது, ஓட்டுவது நான்தான். ஊரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. கரும்புகை, செக் இன்ஜின் விளக்கு, ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம். இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்து, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கும் போய்விட்டது என்றார்கள். சரி என்று 68,000 ரூபாய் கட்டி மாற்றினேன். இரண்டே நாளில் அதே கோளாறு. மறுபடி விட்டேன். 'டர்போ போயிருக்கு சார், 54 ஆகும்' என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்கள்; இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகமாம். 'பார்த்துச் செய்யுங்க' என்று பதில் போட்டேன். டர்போ மாற்றியும் வண்டி இழுக்கவில்லை. இப்போது ஈசியூவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை, மாற்ற வேண்டுமாம். வேண்டாம் என்றேன். 54,000 கட்டினால்தான் வண்டி, கூடவே நாளுக்கு 300 ரூபாய் பார்க்கிங் என்கிறார்கள்; 22 நாள் ஆகிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ்தான் கிழிந்திருக்கும் என்கிறார். இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது. இரவில் போய் எடுத்து வந்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். சொந்த வண்டியை எடுப்பது எப்படித் திருட்டாகும் என்று நினைப்பீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும், இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவிலும் இதற்கென்றே ஓர் உதாரணம் இருக்கிறது. கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர் கூலி பாக்கி வைத்திருக்கிறார். பழுதுபார்த்தவர் அந்தப் பாக்கிக்காகச் சட்டப்படி அதை வைத்திருக்கிறார். அந்தப் பிடிமானத்தை இல்லாமல் செய்யும் எண்ணத்தோடு உரிமையாளரே எடுத்துப் போனால் அது திருட்டு. பாக்கியே இல்லையென்றால் திருட்டு ஆகாது. ஆனால் உங்களுக்குப் பாக்கி உண்டா இல்லையா என்பதுதானே தகராறு? அதை நள்ளிரவில் சாவியால் முடிவுசெய்ய வேண்டாம்.

வண்டியைப் பிடித்து வைக்க ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை தருவது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 170-ஆம் பிரிவு. ஒப்படைத்த பொருளின் மேல், ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்ப, உழைப்போ திறமையோ செலவிட்டவர் தமக்குச் சேர வேண்டிய கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். 'ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்ப', 'சேர வேண்டிய கூலி' இரண்டையும் கவனியுங்கள். நீங்கள் கேட்காத வேலைக்கு இந்த உரிமை நீளாது. பார்க்கிங் கட்டணத்துக்கும் அப்படித்தான். ஜாப் கார்டிலோ வேறெங்காவதோ நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, தன் பாக்கிக்காகத் தானே பிடித்து வைத்த வண்டிக்கு வாடகையும் சேர்த்துக் கேட்பதற்கு அடிப்படை இல்லை. அந்த 6,600 ரூபாயை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் டர்போ நீங்கள் கேட்ட வேலையா? எனக்குக் கவலை தருவது 'பார்த்துச் செய்யுங்க' என்ற அந்த இரண்டு சொல்தான். நம் பேச்சில் அதற்கு இரண்டு அர்த்தமும் உண்டு. 'நன்றாகப் பார்த்துவிட்டு, தேவையென்றால் செய்யுங்கள்' என்று நீங்கள் சொன்னீர்கள். 'சரி, நீங்களே பார்த்து முடித்துவிடுங்கள்' என்று அவர் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார். தொகையைச் சொன்ன பிறகு போட்ட பதில் என்பதால் அவர் வாதத்துக்குக் கொஞ்சம் வலு உண்டு, மறைக்க விரும்பவில்லை. 'சம்மதமே தரவில்லை' என்பதை மட்டும் நம்பி வழக்குப் போட்டால் வழுக்கிவிடும். 'பார்த்து' என்ற சொல்லைப் பிடியுங்கள். பார்க்கச் சொன்னேன், பார்த்தார்களா?

அவர்கள் அனுப்பிய ஸ்கேனர் திரைப் படத்தையும் உங்கள் கடிதத்தோடு இணைத்திருக்கிறீர்கள். அதில் இருக்கும் கோளாறுக் குறியீடு, 'கோடு' (code) என்பார்கள், பி0299. ஈசியூ கேட்ட அளவுக்கு டர்போ அழுத்தம் வரவில்லை என்பது அதன் பொருள். என்ன குறை என்று கோடு சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், இன்டர்கூலர் ஓட்டையாகியிருக்கலாம், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்கும் (வெற்றிட) குழாய் விரிசல் விட்டிருக்கலாம், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், டர்போவே போயிருக்கவும் செய்யலாம். இவற்றில் கண்ணாலும் கையாலும் பார்க்கக்கூடியது ஹோஸ், விலையும் குறைவு. மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தம் வேறு. போக வேண்டிய காற்று வெளியே போனால் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகை வரும். இழுவை போகும். நீங்கள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அதோடு பொருந்துகின்றன.

இன்ஜெக்டர் கெட்டாலும் கரும்புகை வரும், அவர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதனால்தான் லீக்-ஆஃப் சோதனை என்று ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, இன்ஜினை ஓடவிட்டு, எதில் டீசல் அதிகம் வழிகிறது என்று ஒப்பிடுவார்கள். நான்கையும் மாற்றுவதற்கு முன் அதைச் செய்தார்களா என்பதுதான், பிறகு நீங்கள் அவர்களுக்கு அனுப்பப் போகும் நோட்டீஸில் உங்கள் முதல் கேள்வி.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் 'சேவைக் குறைபாடு' என்பது இதுதான். வண்டி சரியாகவில்லை என்பது மட்டும் போதாது. பழைய டீசல் வண்டியில் ஒரே நேரத்தில் மூன்று கோளாறுகூட இருக்கும். குணமாக்கித் தருவேன் என்று எந்த மெக்கானிக்கும் உத்தரவாதம் எழுதித் தருவதில்லை. குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை, 2021-இலும்கூட, சொல்லியிருக்கிறது. செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாமல் விலையுயர்ந்த பாகத்தை மாற்றினார்கள் என்று காட்டினால் உங்களுக்கு நல்ல வழக்கு இருக்கிறது.

அதைக் காட்டும் சாட்சி இப்போது அவர்கள் ஷெட்டில் நிற்கிறது. ஹோஸை அவர்களே ஓசையில்லாமல் மாற்றிவிட்டால் உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. அதனால் வண்டியை வெளியே கொண்டுவருவது அவசரம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டு அதே சட்டத்தின் 38(8)-ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம்தான், ஆனால் அதற்கு நாளாகும். என் யோசனை: 54,000-ஐ ஆட்சேபத்துடன் கட்டுங்கள். ரொக்கம் வேண்டாம், வங்கி வழியாக. 'டர்போ வேலையை ஒப்புக்கொள்ளவில்லை, வண்டியை மீட்க மட்டும் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று கட்டுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். கழற்றிய பழைய டர்போவும் இன்ஜெக்டர்களும் வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். வெள்ளைத்தாள் பில் ஏற்காதீர்கள், ஜி.எஸ்.டி. எண்ணோடு, எந்தப் பாகம், புதியதா ரீகண்டிஷனா (பழையதைச் சரிசெய்ததா) என்று எழுதிய பில் வேண்டும். பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் சட்டத்தின் 2(47) சொல்கிறது. ரீகண்டிஷன் போடுவதில் தவறில்லை, இந்த வயது வண்டிக்குப் பலர் தெரிந்தே அதைத்தான் போடுகிறார்கள். புதியது என்று பில் போட்டுவிட்டு ரீகண்டிஷன் மாட்டியிருந்தால்தான் குற்றம்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். டோ செய்து வேறொரு நல்ல ஒர்க்‌ஷாப்புக்கு நேராகக் கொண்டுபோங்கள். முதலில் ஸ்கேன் அறிக்கை, பிறகு அழுத்தச் சோதனை, எல்லாம் வீடியோவில். ஹோஸ் கிழிந்திருந்தால் அதைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். ஹோஸை மட்டும் மாற்றி, வேறு எதையும் தொடாமல், மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கோடு போய் இழுவை வந்துவிட்டால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. கையெழுத்தும் முத்திரையும் போட்ட அறிக்கை வாங்குங்கள். ஹோஸ் நன்றாக இருந்தால் என்னிடம் மறுபடி பேசுங்கள். அப்போது வழக்கை வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

அப்புறம் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, நுகர்வோர் புகார்களுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதி வழியாகவும் தாக்கல் செய்யலாம். கெடு 2 ஆண்டு, ஆனால் சாட்சி சூடாக இருக்கும்போதே போடுங்கள். வழக்கறிஞர் இல்லாமலும் நடத்த முடியும்.

டர்போ பணம், டோ செலவு, புது அறிக்கைச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். இன்ஜெக்டர் 68,000-ஐயும் கேளுங்கள், ஆனால் அதில் முழுதும் வரும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். அதற்கு நீங்கள் தெளிவாகச் சரி சொன்னீர்கள்; இந்த வயதில் இன்ஜெக்டர் தேய்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.

ஆர்.சி. அப்பா பெயரில் இருப்பது தடையில்லை. சேவையைக் கேட்டதும் பணம் கட்டியதும் நீங்கள், நுகர்வோர் நீங்கள்தான். வண்டியை எடுக்கப் போகும்போது அப்பாவின் அதிகாரக் கடிதம் கையில் இருக்கட்டும், அதைச் சாக்காக வைத்து அலைக்கழிக்க இடம் தராதீர்கள். வாட்ஸ்அப் பேச்சை அச்செடுத்து, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுச் சாட்சியத்துக்குக் கேட்கும் சான்றிதழோடு இணையுங்கள். தமிழ்ச் செய்திகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அதில் 'பார்த்துச் செய்யுங்க' என்பதை 'ஓகே, செய்யுங்கள்' என்று யாரும் மாற்றிவிடாமல் நீங்களே வரிவரியாகச் சரிபாருங்கள்.