அறுபதைக் கூட்டினால் மீதி ஏன் மாறுவதில்லை?

வணக்கம் சார். என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எலுமிச்சம்பழங்களை 2, 3, 4, 5, 6 என்று எப்படிக் கூறு வைத்தாலும் ஒரு பழம் மிஞ்சுகிறது, ஏழேழாக வைத்தால் மட்டும் மிஞ்சவில்லை, குறைந்தது எத்தனை பழம் என்று கணக்கு. மீச்சிறு பொது மடங்கு 60, ஒன்று கூட்டினால் 61, அதுவரை புரிகிறது. விடை 301 என்கிறார்கள். அது எப்படி வந்தது?

- ஒரு வாசகி, மேலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

61 வரை வந்துவிட்டீர்கள், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பொது மடங்கைக் கண்டுபிடி, மீதியைக் கூட்டு என்று சூத்திரமாகச் சொல்லிவிட்டு அந்த 60 எதற்கு என்று பல வகுப்புகளில் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. 60 பழத்தை இரண்டு முதல் ஆறு வரை எப்படிக் கூறு வைத்தாலும் மிச்சமிருக்காது. அதனால் 61 இருக்கிற கூடையில் இன்னொரு 60ஐக் கொட்டினாலும் அந்த ஒற்றைப் பழம் ஒற்றையாகவே நிற்கும். 121, 181, 241 எல்லாமே சரிதான், ஏழு மட்டும்தான் பாக்கி.

சரி, 60இல் 56 போனால் 4. ஆக, ஒவ்வொரு 60க்கும் ஏழின் மீதியில் நாலு ஏறும், ஏழைத் தாண்டினால் ஏழு கழியும். 61க்கு மீதி 5, 121க்கு 2, 181க்கு 6, 241க்கு 3, 301க்கு 0. அவ்வளவுதான். அதற்கு அடுத்த விடை 420 தள்ளி, 721.

இது பழைய கணக்கு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபு அறிஞர் இப்னு அல்ஹைதம் இதைப் போட்டுக் காட்டியிருக்கிறார். மீதிகள் வெவ்வேறாக வரும் கணக்குகளுக்கு 499ஆம் ஆண்டின் ஆரியபட்டீயத்திலேயே வழி இருக்கிறது, குட்டகம் என்பார்கள். உங்கள் மகள் பத்தாம் வகுப்பு போகும்போது இந்த மீதி விஷயமே மட்டு எண்கணிதம் என்ற பெயரில் வரும், இப்போதே புளியங்கொட்டையை வைத்துப் பழகிவிட்டால் அப்போது பயமே இருக்காது.

அப்புறம் அவளிடம் இதையும் கொடுங்கள்: இரண்டில் 1, மூன்றில் 2, நான்கில் 3, ஐந்தில் 4, ஆறில் 5 மிஞ்சி, ஏழில் மிஞ்சாத எண் எது? மீதிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம், எல்லாக் கூறுக்கும் ஒரே ஒரு பழம்தான் குறைகிறது. 60இல் ஒன்று போனால் 59, ஏழில் மீதி 3. இன்னொரு 60 சேர்த்தால் நாலு ஏறி ஏழாகிவிடும், விடை 119.