கிடையில் ஒரு பையன்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் தாளடி நெல் அறுத்த வயலில் எருவுக்காக ஆட்டுக் கிடை கட்டியிருக்கிறார்கள். ஆட்டோடு ஒரு பையன், பத்து வயது இருக்கும். பேச்சுக் கொடுத்தேன். ஆடுகளை ஓட்டிவரும் கீதாரி தன் மாமா என்றான். மாமா பேரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். ஊர் ஒரத்தநாட்டுப் பக்கமாம், அப்பா வாங்கிய பணத்துக்காக வந்திருக்கிறானாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம் என்றால், "ஏழைப் பிள்ளை சோத்துல மண்ணள்ளிப் போடாதே" என்கிறார் பக்கத்து வயல்காரர். நம் நாட்டில் இந்தச் சட்டமெல்லாம் வயக்காடு வரைக்கும் வருமா? நான் என்ன செய்ய?

வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லுங்கள், தயங்காதீர்கள். ஆனால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம்.

"குழந்தைத் தொழிலாளி" என்று மட்டும் சொன்னால் 1986-ம் ஆண்டுச் சட்டத்தில் வழக்கு வரும். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று 2016-ல் அதைத் திருத்தினார்கள். மீறினால் சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே திருத்தம் குடும்பத் தொழிலுக்கு விலக்கும் கொடுத்தது. அதில் குடும்பம் என்றால் பெற்றோர் மட்டும் இல்லை. சித்தப்பா, அத்தை, சித்தி, தாய்மாமன் எல்லாரும் உண்டு. அந்த "மாமா" யாரோ சொல்லிக்கொடுத்த வார்த்தையாகத்தான் எனக்குப் படுகிறது. நிஜ மாமாவாகவே இருக்கட்டும், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும்தான் உதவலாம். பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டு ஊர் ஊராகக் கிடையோடு போகும் பையனுக்கு அது பொருந்தாது.

உங்கள் கடிதத்தில் கனமான வரி, "அப்பா வாங்கிய பணத்துக்காக" என்பது. முன்பணத்துக்கு ஆள் வேலை செய்து கழித்தால் அது கொத்தடிமை, 1976-லேயே ஒழிக்கப்பட்டது. அந்தச் சட்டப்படி கடன் செல்லாது. திருப்பிக் கேட்டு வாங்கினால் வாங்கியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவரும் கடன் கொடுத்தவர்தான். இதற்கெல்லாம் கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுக்க வேண்டும். மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. சான்று இல்லாமல் பையனை மட்டும் வீட்டில் கொண்டுபோய் விட்டால் கடன் வாசலிலேயே நிற்கும். அடுத்த மாசியில் அவன் தம்பி போவான்.

பக்கத்து வயல்காரர் சொன்னதற்கு ஒன்று சொல்கிறேன். சின்ன வயதில் எங்கள் வயலிலும் கிடை கட்டினார்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, நெல்லும் கொடுப்பார் அப்பா. ஒரு வருஷம் கிடையோடு என் வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவனைவிட உயரமான துறட்டி, வார் அறுந்து கயிறு கட்டிய செருப்பு. காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு வரப்பில் போகும்போது, பால் குடிக்க விடாத ஆட்டைப் பிடித்துக்கொண்டு குட்டியை மடிக்கு விட்டுக்கொண்டிருப்பான். நிமிர்ந்து என் பையைப் பார்ப்பான். "ஏன் அவன் பள்ளிக்கூடம் வரல?" என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எரு எங்களுக்கு வேண்டியிருந்தது. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

கிடை வைத்திருக்கும் எல்லாரையும் சொல்லவில்லை. சொந்தக் குடும்பத்தோடு வெயிலிலும் பனியிலும் கிடக்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு, டெல்டாவில் பிள்ளைகளை ஆடு மேய்க்க அடமானம் வைத்த செய்திகள் வந்ததை மறக்க முடியாது. டீக்கடைக்கு வாசல் இருக்கிறது, அதிகாரி நுழைந்து பார்க்கலாம். கிடைக்கு வாசலும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. வயல்காரரும் உங்களைப் போல வழியில் போகிறவரும் சொன்னால்தான் சட்டம் வரப்பேறும்.

அதனால் 1098-ல் சொல்லும்போது "முன்பணம் வாங்கியிருக்கிறார்கள்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அதையே ஒரு தாளில் எழுதிக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வயல் யாருடையது, எந்த வாய்க்கால் பக்கம் என்று அடையாளம் எழுதுங்கள். சரி, பையனிடம் திரும்பப் போய் விசாரிக்க வேண்டாம், அடி அவனுக்குத்தான் விழும்.

இன்றைக்கே கூப்பிடுங்கள். இரண்டு ராத்திரி போனால் கிடை வேறு வயலுக்கு மாறிவிடும்.