கமிஷனைச் சொல்லலாமா?

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களைச் சேர்த்துவிடும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மாணவர் சேர்ந்ததும் பல்கலைக்கழகம் எங்களுக்குக் கமிஷன் தருகிறது. இதை மாணவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள், அதுவும் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே. கமிஷன் வாங்குவது குற்றமில்லை, மறைப்பதுதான் சிக்கல். 'இலவச ஆலோசனை' என்று பலகை மாட்டிவிட்டு, கமிஷன் கூடுதலாகத் தரும் இடத்தையே மாணவர் தலையில் கட்டியவர்களை, பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவில் நான் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். 2012இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து ஆகிய 4 நாடுகளும் ஏற்ற, மாணவர் சேர்க்கைக்கான நெறிமுறைகளைச் சொல்லும் லண்டன் அறிக்கை, உங்களைப் போன்ற முகவர்கள் துல்லியமான, நேர்மையான தகவல் தர வேண்டும், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழகங்கள் தங்கள் முகவர் பட்டியலை இணையத்தில் வெளியிட்டாக வேண்டும்.

'விசா நிச்சயம், வேலை நிச்சயம்' என்ற பேச்சே வேண்டாம். விசா கொடுப்பது அரசாங்கம், நீங்கள் இல்லை.

அப்புறம், ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கட்டுரையை மாணவருக்காக நீங்களே எழுதாதீர்கள். பிழை திருத்தினால் சரி. ஒரே பத்தி பல பெயர்களில் வரும்போது எங்களுக்கு முதலில் சிரிப்புதான் வரும். அடுத்து அந்த முகவரின் எல்லாக் கோப்புகளையும் தோண்டுவோம்.