கேரள எல்லையில் தீபாவளி: எந்த மாநிலத்தின் பட்டாசு நேரம் பொருந்தும்?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். பொள்ளாச்சியில் மாமா வீட்டார் செய்வதுபோல், தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் காலையிலேயே பட்டாசு வெடிக்கலாமா? அங்கே பட்டாசுச் சீட்டும் கட்டியிருக்கிறோம். அந்தப் பெட்டியை ரயிலில் கொண்டுவரலாமா?

பதில்: எந்த மாநிலத்தில் கொளுத்துகிறீர்களோ அந்த மாநிலத்தின் நேரமே உங்களுக்குப் பொருந்தும்; பொள்ளாச்சியில் வாங்கியதால் தமிழ்நாட்டு நேரம் கிடைத்துவிடாது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீபாவளிக்கு இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே அனுமதி என்று வரையறுத்தது. விடியற்காலையில் வெடிப்பதே தங்கள் வழக்கம் என்று தமிழ்நாடு அரசு முறையிட்டதன்பேரில், மொத்தம் 2 மணி நேரத்தைத் தாண்டாமல் நேரத்தை மாற்றிக்கொள்ள அதே மாதம் 30 அன்று இடமளித்தது. அதைக் கொண்டே தமிழ்நாடு காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை எனப் பிரித்துக்கொண்டது. கேரளமோ இரவு 8 முதல் 10 வரை என்பதையே பின்பற்றுகிறது. ஆகவே மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு உங்கள் பக்கம் காலை வெடி விதிமீறலாகும். உங்கள் ஊர் அடங்கிய சித்தூர் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய மனக்குறை என்பதை அறிவேன்; காலையில் ஒரு மணி நேரம் கேட்டு, மாவட்ட ஆட்சியர் வழியாக அரசுக்குக் கூட்டாக மனுக் கொடுப்பது முற்றிலும் நியாயமானது.

ரயிலில் சிறு பெட்டிகூடக் கூடாது. ரயில்வே சட்டம் 1989, 164ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தரும் உப்பு வெடிமருந்திலேயே கலந்திருப்பதால், பற்றிக்கொண்ட பட்டாசைப் போர்வையால் மூடி அணைக்க முடியாது; நெரிசலான ரயில் பெட்டியில் அது எத்தனை உயிர்களைப் பறிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பேருந்திலும் பட்டாசு கொண்டுவரக் கூடாது.

என் ஆலோசனை: சீட்டுப் பெட்டியை மாமா வீட்டிலேயே வைத்துவிட்டு, காலையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று அனுமதித்த நேரத்தில் வெடியுங்கள். இரவுக்கு வேண்டியதை உங்கள் ஊரில் உரிமம் பெற்ற கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டுப் பட்டாசில் ஒரு பகுதியை அக்கம்பக்கத்தாருக்கு விலைக்குக் கொடுப்பது உரிமமில்லா விற்பனையாகிவிடும்.

எங்கே வாங்கினாலும் பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரையும் க்யூஆர் குறியீடும் உள்ளனவா என்று பாருங்கள். சரவெடியை அந்த 2018 தீர்ப்பே தடை செய்திருக்கிறது. சீட்டுப் பெட்டியில் அது இருந்தால் திருப்பிக் கொடுத்து, புஸ்வாணமோ சங்குசக்கரமோ மாற்றிக் கேளுங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் எந்த நேரத்திலும் வெடிக்கக் கூடாது.