ஸ்ட்ரீமிங் வீடியோவைக் கணினியில் சேமிப்பது: கேள்வி பதில்

கேள்வி: வலது கிளிக் செய்தால் 'சேமி' வரவில்லை. வீடியோவின் முகவரியைப் பார்த்தால் 'பிளாப்' என்று தொடங்குகிறது. என்ன செய்வது?

பதில்: அங்கே முழுக் கோப்பு என்று ஒன்று இல்லை. வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். எதற்குப் பின் எது என்று சொல்லும் பட்டியல் தனியாக இருக்கிறது. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் அந்தப் பட்டியலின் பெயர் எம்3யு8 என்று முடியும். துண்டுகளை வாங்கி ஒட்டிக் காட்டுவது பிரவுசர். 'பிளாப்' அது தனக்காக வைத்துக்கொண்ட தற்காலிகப் பெயர். டேபை மூடினால் போய்விடும்.

பிரவுசரில் எஃப்12 அழுத்தி, வரும் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து வீடியோவை ஓட்டுங்கள். எம்3யு8 என்று தேடினால் பட்டியலின் முகவரி கிடைக்கும். அதை எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளிடம் கொடுத்து, 'காப்பி' முறையில் சேர்க்கச் சொல்லுங்கள். துண்டுகளை அப்படியே கோப்பதால் தரம் துளியும் குறையாது. மறுபடி என்கோட் செய்யாதீர்கள், அதாவது வீடியோவைப் புதிதாகச் சுருக்கி எழுதாதீர்கள். நேரமும் வீண், படமும் மங்கும்.

கேள்வி: வீடியோ இறக்கும் மென்பொருளான ஒய்டி-டிஎல்பியில் 1080 தரத்தில் இறக்கினேன். படம் ஒரு கோப்பு, ஒலி ஒரு கோப்பு என்று வந்திருக்கிறது.

பதில்: உயர்ந்த தரங்களில் படமும் ஒலியும் தனித்தனியாகத்தான் வரும். இரண்டையும் இணைப்பது எஃப்எஃப்எம்பெக். அது உங்கள் கணினியில் இல்லை. நிறுவிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: முகவரியை ஒட்டினால் இறக்கித் தரும் தளங்கள் போதாதா?

பதில்: வேண்டாம். பலவற்றில் 'டவுன்லோடு' பட்டன்களில் பாதி விளம்பரம். சில பிரவுசர் எக்ஸ்டென்ஷனை நிறுவச் சொல்லும். அப்படி நிறுவியவர்களின் கணினியைச் சுத்தம் செய்து கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: சந்தா கட்டிப் பார்க்கும் படத்தை ஸ்க்ரீன் ரெக்கார்ட் செய்தால் வெறும் கறுப்பு.

பதில்: அது வைட்வைன் போன்ற டிஆர்எம், அதாவது நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு. அதை உடைக்கும் வழியை நான் சொல்ல மாட்டேன். அந்தச் செயலியிலேயே ஆஃப்லைன் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் யூட்யூப் சேனலில் நானே ஏற்றிய பழைய வீடியோக்கள். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, வேறு பிரதி இல்லை.

பதில்: கவலை வேண்டாம், உங்கள் வீடியோவை எடுக்க நேர்வழியே இருக்கிறது. சேனலை நிர்வகிக்கும் யூட்யூப் ஸ்டூடியோவில் ஒவ்வொன்றாக இறக்கினால் 720 அல்லது 360 தரம்தான் வரும். அதனால் முதலில் உங்கள் கணக்கில் உள்ளதை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் சேவையில் மொத்தமாகக் கேளுங்கள். வந்ததும் இரண்டு இடத்தில் வையுங்கள். பென்டிரைவில் ஏற்றும்போது பெரிய கோப்பு ஏறாவிட்டால் பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கலாம். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள், உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு.